மூலம் மட்டும் திறக்கவில்லை

நான் மூல நட்சத்திரத்தில் பிறந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இதைக் கடைசியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மூலத்தில் பிறந்த பெண்ணைக் கட்டினால் மாமனாருக்கு ஆகாது என்பது ஊரின் தீர்ப்பு. மாமனாராக வரவிருந்த ஒருவர் எங்கள் ஆனையூர் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். சட்டைப் பையில் பீடிக் கட்டு துருத்திக்கொண்டிருந்தது. அவர் உயிருக்கு என்னால் ஆபத்து வந்துவிடும் என்று பயந்து, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அம்மா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஏற்கெனவே அப்பா இறந்துபோன மாப்பிள்ளையாகப் பார்ப்பது. மற்ற வீட்டு அம்மாக்கள் பேப்பரில் மணமகள் தேவை பகுதியைப் படிப்பார்கள். என் அம்மா கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களைப் படித்தாள். அதில் மகன்கள் பெயர் போட்டிருந்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படிப்பாள்.

அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "நச்சத்திரமாவது மண்ணாவது" என்று ஒரு வரியில் பேச்சை முடித்துவிட்டு லைப்ரரிக்குக் கிளம்பிவிடுவார். அவர் ஒருவராவது வீட்டில் அறிவோடு இருக்கிறாரே என்று எனக்கு ஆறுதலாக இருக்கும்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது. மேலமாசி வீதியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் கம்ப்யூட்டர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். நிறுவனம் என்றால் நான், மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரு டெலிபோன், வாரம் ஒருமுறை வந்து ஃபேனை வேகமாக வைக்கச் சொல்லிவிட்டுப் போகும் முதலாளி. மூன்று கம்ப்யூட்டரில் ஒன்று வெப் சர்வர். எங்கள் வாடிக்கையாளர்களின் இணையப் பக்கங்களை, எந்த ஊரிலிருந்து யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. இரவு பகல் எந்நேரமும் விழித்திருக்க வேண்டிய இயந்திரம். கரண்ட் இருந்த நேரமெல்லாம் விழித்திருந்தது.

கீழ்த்தளத்தில் ஒருவர் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தார். பத்திரிகை அடிக்க ஆள் வர வேண்டுமானால் முதலில் கல்யாணம் நடக்க வேண்டும், கல்யாணம் நடக்க ஜாதகம் பொருந்த வேண்டும் என்று யோசித்து, அச்சகத்தின் முன்பக்கத்திலேயே திருமணத் தகவல் மையம் திறந்தார். பிறகு அதை இண்டர்நெட்டில் போட வேண்டும் என்று மாடியேறி வந்தார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைப் பாப்பா என்பார். தன் தொழிலில் அவர் வைத்திருந்த ஒரே கொள்கை, யாருக்கும் இல்லை என்று சொல்லக்கூடாது என்பது.

அவரிடம் டைப் அடிக்க ஒரு அக்கா இருந்தாள். பழைய தமிழ் டைப்ரைட்டரில் பழகிய கை. திரையைப் பார்க்காமல் அடிப்பாள், நம்மைப் பார்த்துப் பேசிக்கொண்டே அடிப்பாள். வரும் ஜாதகங்களை அடித்து, போட்டோவையும் சேர்த்து, இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் இருபத்தேழு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தாள். ஃபோல்டர் பெயர்களும் தமிழில்தான் தெரிய வேண்டும் என்று கம்ப்யூட்டரின் மொத்த எழுத்தையும் தன் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றிவிட்டாள். அதில் ஒரு சின்னச் சங்கடம். ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருந்ததெல்லாம் உளறலாகிவிட்டது. மை கம்ப்யூட்டர் என்ற இடத்தில் 'ஆல ஊழ' என்று ஆரம்பித்து ஏதோ மந்திரம் போல இருக்கும். அக்கா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "ஆலஊழவத் தொறந்து உள்ள போ, அசுவினி மொதல்ல இருக்கும்" என்று எனக்கே வழி சொல்வாள்.

ஒவ்வொரு ஜாதகத்தையும் மாடிக்கு எடுத்துவந்து சர்வரில் ஏற்றுவது தலைவலி. அதனால் மாடிப்படி வழியாக ஒரு ஒயர் இழுத்து, கீழே இருந்த ஜாதக ஃபோல்டரை என் சர்வருக்குள் ஒரு ஃபோல்டராகவே தெரியும்படி செய்தேன். மவுண்ட் செய்வது என்று அதற்குப் பெயர். சரக்கு கீழே இருக்கும். சர்வர் அதைத் தன் வீட்டுச் சாமான் என்று நம்பி ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும். அக்கா கீழே ஒரு ஜாதகத்தைச் சேமித்த அடுத்த நிமிடம் அது சிங்கப்பூரிலும் தெரியும். கூடவே நான் ஒரு குட்டிப் புரோகிராமும் எழுதினேன். அது தினமும் காலையில் ஒருமுறை அந்த ஃபோல்டர்களின் பெயர்களைப் படித்து, நட்சத்திர வரிசை ஒன்றை என் சர்வரிலேயே ஒரு பக்கமாக எழுதி வைக்கும். வேண்டிய நட்சத்திரத்தைச் சொடுக்கினால் அந்த ஃபோல்டர் திறக்கும். இதை எழுதி முடித்த அன்று எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது.

வீட்டில் அன்றே ஒன்று சொல்லிவிட்டேன். என் ஜாதகம் அந்தக் கீழ்வீட்டுக் கடைக்குப் போனால் மறுநாள் வேலையை விட்டுவிடுவேன். நான் பராமரிக்கிற சர்வரில் நானே சரக்காக நிற்க மாட்டேன். அம்மா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். அப்பா லைப்ரரிக்குப் போய்விட்டார்.

ஆறேழு மாதம் நன்றாக ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் கீழே வந்தார். மாப்பிள்ளையே நேராக வந்திருந்தார், நெற்றி நிறைய விபூதியோடு.

"எங்கப்பா தவறி மூணு வருசமாச்சுண்ணே. அதனால மூலம்னாலும் எனக்குப் பரவால்ல" என்றாராம்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மூலத்தில் தேங்கிக் கிடந்த ஜாதகங்களுக்கு ஒரு வழி பிறந்தது என்று அவரை இண்டர்நெட் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, மூலத்தைச் சொடுக்கினார். வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. பக்கத்தைக் காணவில்லை, பிளீஸ் டிரை என்று ஆங்கிலத்தில் நாலு வரி. கீழே பொடி எழுத்தில் பேட் ரிக்வெஸ்ட். மறுபடி சொடுக்கினார். மறுபடியும் அதே. ரோகிணியைச் சொடுக்கினார், டக்கென்று திறந்தது. மகம் திறந்தது. பலபேர் தொடப் பயப்படும் ஆயில்யம்கூடத் திறந்தது.

அண்ணன் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "பாப்பா, பேட் ரிக்வெஸ்ட்னா என்னம்மா?"

"தப்பான வேண்டுகோள்ணே."

அவர் என் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அதுவும் அதத்தான் சொல்லுதா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இயந்திரத்துக்கு நட்சத்திரம் தெரியாதுண்ணே, ஒயரில் எங்கேயோ கோளாறு, இரண்டு மணி நேரத்தில் சரிசெய்கிறேன் என்றேன். இரண்டு மணி நேரம் இரண்டு வாரமாக இழுத்தது. அதற்குள் நாகமலைக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு, பூராடத்தில் ஒரு பெண்ணைப் பிடித்துப்போய் நிச்சயம் செய்துவிட்டார். பத்திரிகையைக் கீழேயே அடித்துக்கொண்டார் என்பதால் அண்ணனுக்கு வருத்தமில்லை.

எனக்கு முதல் சந்தேகம் மவுண்ட் மேல்தான். கீழிருக்கும் ஃபோல்டரை மேலே காட்டுகிற ஏற்பாட்டில் ஆயிரம் வில்லங்கம் வரும். அதைக் கழற்றி மறுபடி மாட்டினேன். இருபத்தாறு நட்சத்திரம் ஒழுங்காக வந்து நின்றன, மூலம் வரவில்லை. கீழே போய் அந்த ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி ஏதாவது குறைவாக இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே அனுமதி. ஒயரை மாற்றினேன். சர்வரை அணைத்துப் போட்டேன். ஒரே ஒயரில் வருகிற இருபத்தேழில் ஒன்றுக்கு மட்டும் வழி அடைபட்டிருக்கிறது என்றால் அதற்கு எந்தப் புத்தகத்திலும் விளக்கம் இல்லை. அண்ணனிடம் மட்டும் விளக்கம் இருந்தது.

அவர் தன் ஜோசியருக்குப் போன் போட்டிருந்தார். மறுநாள் மாடியேறி வந்தபோது கையில் ஒரு சின்ன மூட்டை. பல நிறத் துணியில் கொள்ளு கட்டியிருந்தது.

"மூலம் கேதுவோட நச்சத்திரம் பாப்பா. கேதுன்னா பாம்பு. ஒன் ஒயரப் பாரு, படியில பாம்பு மாதிரிதான வளஞ்சு வளஞ்சு ஏறுது. ஜோசியர் இம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு அதச் சொல்றாரு, அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்க போன்ல சொல்லியிருப்பீங்கண்ணே."

"நான் ஒயருன்னுதான் சொன்னேன். பாம்புன்னு சொல்லல."

மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒயர்கள் வந்து சேரும் பெட்டி ஒன்று இருந்தது. அதன் தலையில் கொள்ளு மூட்டையைக் கட்டிவிட்டு, கற்பூரம் காட்டிவிட்டுப் போனார். நான் தடுக்கவில்லை. என் வித்தையும் பலிக்கவில்லையே, இன்னொருத்தர் வித்தையைக் கேலி செய்ய எந்த முகம்?

மூன்று நாள் கழித்து காலையில் வந்து பார்த்தால் எதுவுமே திறக்கவில்லை. அசுவினி முதல் ரேவதி வரை வெள்ளைப் பக்கம். படியில் போய்ப் பார்த்தேன். கொள்ளு வாசனைக்கு எலி வந்திருக்கிறது. மூட்டையை முடித்துவிட்டு, வந்ததற்கு ஒயரையும் கடித்துப் பார்த்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் அன்று காலை எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரோகிணிக்கும் மூலத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லாத ஒரு நாளை மதுரை முதல்முறையாகப் பார்த்தது.

புது ஒயர் போட்டேன். இருபத்தாறும் வந்தன. அண்ணன் முகம் தொங்கிவிட்டது. பரிகாரம் பலிக்கவில்லை என்பதைவிட, கேது எலியை அனுப்பிக் கொள்ளு மூட்டையை வாங்கிக்கொண்டும் வழிவிடவில்லையே என்பது அவருக்குப் பெரிய அடி. "இது தெய்வ குத்தம் பாப்பா. மூலத்த லிஸ்ட்டுல இருந்து எடுத்துருவோமா? எப்பிடியும் யாரும் கேக்கப்போறதில்ல" என்றார்.

இல்லை என்று யாருக்கும் சொல்லக்கூடாது என்ற மனிதர் சொன்ன பேச்சு இது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்த வேகத்தில்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மூல ஃபோல்டரை அப்படியே என் சர்வருக்கே நகல் எடுத்துவந்து, கீழ் ஒயர் எதையும் நம்பாமல், இங்கிருந்தே திறந்து பார்த்தேன். அப்போதும் திறக்கவில்லை. அப்படியானால் ஒயரும் மவுண்டும் ஒரு தப்பும் செய்யவில்லை. இரண்டு வாரமாக அவற்றைத் திட்டியது வீண். அந்த நகலுக்கு 'டெஸ்ட்' என்று பெயர் மாற்றினேன். திறந்துவிட்டது.

கோளாறு பெயரில்.

என் சர்வரில் தமிழ் எழுத்துரு கிடையாது. அதில் அக்காவின் ஃபோல்டர் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். அவளுடைய எழுத்துரு அந்தக் காலத்து வகை. ஒவ்வொரு ஆங்கில விசையின் மேலும் ஒரு தமிழ் எழுத்தை ஒட்டிவைத்திருப்பார்கள். திரையில் தமிழ், உள்ளே ஆங்கிலம். தமிழுக்கு எழுத்துகள் அதிகம், ஆங்கிலத்துக்கு விசைகள் குறைவு. இடம் போதாமல் போனபோது சில எழுத்துகளைக் குறிகளின் தலையில் ஏற்றிவிட்டார்கள். மூ என்ற எழுத்துக்குக் கிடைத்தது சதவீதக் குறி. ஆக, கீழே மூலம் என்று தெரிவது என் திரையில் சதவீதக் குறி, ஒய், கே, ஒரு அரைப்புள்ளி. இணைய முகவரியில் சதவீதக் குறி சாதாரண எழுத்தில்லை. அதற்கு அடுத்து வரும் இரண்டும் ஒரு சங்கேதம் என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். ஒய், கே என்று ஒரு சங்கேதம் உலகத்திலேயே கிடையாது. அதனால், கேட்டதே தப்பு என்று திருப்பி அனுப்பிவிட்டது. இருபத்தேழு நட்சத்திரப் பெயர்களில் மூ வருவது ஒன்றே ஒன்றில்தான்.

அந்தக் குறியைப் பக்குவமாக மாற்றி எழுத ஒரு வரி போதும். என் கர்வமான குட்டிப் புரோகிராமில் அந்த ஒரு வரியை விட்டது நான். மூலத்துப் பெண்களை ஊரெல்லாம் சேர்ந்து ஒதுக்கியது போதாது என்று, மூலத்துப் பெண் ஒருத்தி புரோகிராம் எழுதி ஒதுக்கியிருக்கிறேன்.

வரியைச் சேர்த்தேன். மூலத்தைச் சொடுக்கினேன். வரிசையாகப் பதிவு எண்கள் வந்தன, ஒவ்வொன்றையும் சொடுக்கினால் ஒரு பெண்ணின் படம். திருவாதவூரில் டீச்சராக இருக்கும் ஒருத்தி, கன்னத்தில் பெரிய மருவோடு ஒருத்தி, ஸ்டூடியோ நிலா முன்னால் நிற்கும் ஒருத்தி. கடைசிக்கு முந்தியதில் நான். அத்தை மகள் கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவர்களை வெட்டி எடுத்திருந்தார்கள், என் தோளில் மட்டும் யாருடைய கையோ மிச்சம் இருந்தது.

ஒரே மூச்சில் கீழே இறங்கினேன். அக்கா டைப் அடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள், கை நிற்கவில்லை.

"ஒங்க வீட்டுல இருந்து குடுத்தாங்க புள்ள. ஒன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு மீனாச்சி மேல சத்தியம் வாங்கிட்டாங்க. நான் என்ன செய்ய?"

அம்மா. வேறு யார். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன் என்று மாடியேறினேன். ஆனால் போன பிறகு பேசவில்லை, காரணம் இடையில் நான் பார்த்த ஒன்று.

சர்வர் ஒரு பதிவேடு வைத்திருக்கும். யார், எந்த நேரத்தில், எதைக் கேட்டார்கள், கொடுத்தோமா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கேட்பவரின் பெயர் இருக்காது, எந்த இணைப்பிலிருந்து கேட்டார் என்று ஒரு எண்தான் இருக்கும். மூலத்தை யாரும் கேட்கப்போவதில்லை என்று அண்ணன் சொன்னாரே, இதுவரை யாராவது கேட்டார்களா பார்க்கலாம் என்று பழைய பதிவைப் புரட்டினேன். கேட்டிருந்தார்கள். நாலைந்து மாதமாக, ஒரு வாரம் தவறாமல் கேட்டிருந்தார்கள். அண்ணனையும் என்னையும் தவிர, கேட்டதெல்லாம் ஒரே ஆள்.

ஒவ்வொரு புதன்கிழமையும் பதினொரு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், ஒரே மாதிரி ஆரம்பிக்கும் எண்ணிலிருந்து ஒரு வரி. நட்சத்திர வரிசையைத் திறக்கிறார். நேராக மூலத்தைச் சொடுக்குகிறார். கேட்டது தப்பு என்று சர்வர் சொல்கிறது. இன்னொரு தடவை சொடுக்குகிறார். மறுபடி அதே பதில். போய்விடுகிறார். அடுத்த புதன் மறுபடி வருகிறார். ரோகிணியை ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

நான் கேலிக்காரி என்று பெயர் எடுத்தவள். என் கேலியெல்லாம் அந்த வரிகளுக்கு முன்னால் நின்றுவிட்டது. இப்படி ஒருவன் இருக்கிறானா? இத்தனை மாதம் கதவைத் தட்டியும் சலிக்காத ஒருவன்? அவனுக்கு நானே ஒரு கண்ணாடி மாட்டிவிட்டேன், அரைக்கைச் சட்டை போட்டுவிட்டேன். அப்பா இல்லாத பையனாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, அப்பா இருந்தும் கவலைப்படாத பையன் என்று மாற்றிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவிடம் சண்டை போடவில்லை. அந்தப் படத்தில் மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதோ என்றுதான் யோசித்தேன்.

புதன்கிழமை வந்தது. புது வாயில் புடவை கட்டிக்கொண்டு போனேன், பதிவேட்டில் வருகிறவனுக்கு என் புடவை தெரியாது என்று தெரிந்தும். பத்தரையிலிருந்து திரையில் பதிவேட்டை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றைத் தாண்டியதும் அந்த எண் வந்தது. நட்சத்திர வரிசை. மூலம். இந்த முறை சர்வர் கொடுத்தது. அடுத்த வரி என் படம். திருவாதவூர் டீச்சர் இல்லை, நிலா முன்னால் நின்றவள் இல்லை, அத்தனை பேரையும் தாண்டி நேராக என் பக்கம். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் என் படம். இன்னொரு நிமிடம் கழித்து மறுபடியும். மூன்று முறை திறந்து பார்த்தான். அதோடு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததுகூட உறைக்கவில்லை. வீட்டுக்குப் போனால் அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மத்தியானமே சாப்பிடவில்லையாம். காய்ச்சலா என்று கேட்டேன். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு என்னிடம் பாய்ந்தாள்.

"காச்சலெல்லாம் இல்ல. நீ என்னைய வையறதுன்னா வஞ்சுக்க, சொல்லிடுறேன். ஒன் ஜாதகத்த ஒங்கப்பாதான் அங்க கொண்டுபோய்க் குடுத்தாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"அப்பாவா?"

"லைப்ரரி லைப்ரரின்னு எங்க போறாருன்னு நெனச்ச? புதங்கிழமை ஆனா அந்த பிரவுசிங் சென்டர்ல போய் உக்காந்துக்குறாரு. ஒன் படத்த யாரு பாக்குறாங்கன்னு பாக்க."

அப்பா சுவரைப் பார்த்தபடியே பேசினார், கணக்குத் தப்பிப்போன குரலில்.

"இத்தன நாளா அந்தப் பக்கம் தெறக்காதுத்தா. பிளீஸ் டிரைன்னு வரும். டிரங்க் கால் போட்டா சொல்லுவானே, லைன் எங்கேஜ்டு, பெறகு டிரை பண்ணுன்னு, அது மாதிரி. எப்பப் போனாலும் எங்கேஜ்டா இருக்கேன்னு எனக்கு ஒரே சந்தோசம். யாரோ ஒருத்தர் ஒன்னையப் பாத்துக்கிட்டே இருக்காகன்னுதான நெனச்சேன்."

"ஒவ்வொரு புதனும் வந்து எங்கிட்டச் சொல்லுவாரு" என்றாள் அம்மா. இப்போது அவள் குரலில் பாய்ச்சல் இல்லை. "இன்னைக்கும் யாரோ பாக்குறாகடி, நீ அந்தப் பேப்பர மூடி வையின்னுவாரு."

"இன்னைக்குப் போனேன்" என்றார் அப்பா. "தொட்டதும் தெறந்துக்கிருச்சு. மூணு தரம் மூடி மூடித் தெறந்து பாத்தேன். மூணு தரமும் ஒடனே தெறக்குது. ஒருத்தரும் பாக்கலத்தா."

நான் சரிசெய்துவிட்டேன், அதனால்தான் திறந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இத்தனை மாதமும் யாரும் பார்க்கவில்லை என்று ஆகும். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் புடவையை மாற்றினேன். கண்ணாடியும் அரைக்கைச் சட்டையுமாக நான் உண்டாக்கிய ஆள் அந்த அறையிலேயே காணாமல் போனான். அவனுக்காகக் கொஞ்சம் அழுதேன், அப்பாவுக்காகக் கொஞ்சம்.

அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கீழிருந்து வரும் அந்த ஃபோல்டரை என் சர்வரிலிருந்து கழற்றிவிட்டேன். ஒரே ஒரு கட்டளை. நட்சத்திர வரிசை மேலேயே இருப்பதால் அது தெரியும், எந்த நட்சத்திரத்தைச் சொடுக்கினாலும் பின்னால் ஒன்றும் இருக்காது, அதே வெள்ளைப் பக்கம்தான் வரும். பொடி எழுத்தில் உள்ளது மட்டும் மாறும், அதை அப்பா படிப்பதில்லை. கீழே சிங்கப்பூர் மாப்பிள்ளை ஒருவருக்காக அண்ணன் அப்போதுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, ஒண்ணுமே தெறக்கலையே. எலியா?" என்று படியடியிலிருந்து குரல் வந்தது.

"மவுண்ட் கழண்டுருச்சுண்ணே. பார்த்துக்கிட்டிருக்கேன். பத்து நிமிசம்."

பதிவேட்டில் அந்த எண் வந்தது. மூலத்தைச் சொடுக்கியது. இல்லை என்றது சர்வர். இன்னொரு தடவை சொடுக்கியது. இல்லை. போய்விட்டது. தெருவில் ஆட்டோக்கள் வழக்கம்போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. நான் ஃபோல்டரைத் திரும்ப மாட்டினேன்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே அம்மா வாசலுக்கு வந்து என் காதில் சொன்னாள்.

"அப்பா ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாரு. இன்னைக்கு யாரோ பாக்குறாகளாம்."